வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்

புதுச்சேரி கதிர்காமத்தில் குடியிருப்பவர்களுக்குப் பல் வைத்தியம் எட்டாத தூரத்தில் இல்லை. வழுதாவூர் சாலையில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோரிமேட்டுப் பக்கம் இந்திரா நகரில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி. 1990-ல் தொடங்கிய இந்த அரசுக் கல்லூரி, இன்று மேற்படிப்பு வரை சொல்லித் தரும் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அங்கிருந்து கொஞ்சம் போனால் ஜிப்மர்; 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது. விழுப்புரம், திண்டிவனம், கடலூர் பக்கத்து ஜனங்கள் விடியற்காலைப் பஸ் பிடித்து ஜிப்மரைத் தேடி வருகிறார்கள். நமக்கு அது ஆட்டோவில் போகிற தூரம்.

இருந்தும் எங்கள் தெருவில் பல் இழந்த கதை இல்லாத வீடு குறைவு. முதலில் கூச்சம் வரும். பிறகு வலி வரும். கிராம்பை அதக்கிக்கொள்வார்கள். மெடிக்கல் ஷாப்பில் பேரைச் சொல்லாமல் "பல்வலிக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போடுவார்கள். வலி அடங்கும். அடங்கியது வலிதான், சொத்தை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு ராத்திரி கன்னம் வீங்கி, கண் மூடி, காய்ச்சலோடு விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த நேரத்தில் பல்லைக் காப்பாற்றுவது பெரும்பாலும் கடினம்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அக்கம்பக்கத்தாரோடு பல் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது என் வழக்கமாகிவிட்டது. "டீச்சரம்மா, கூட வர்றீங்களா? அவங்க கேக்கறதுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியாது" என்று ஒருவர் கூப்பிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். இப்படிப் போய் உட்கார்ந்து உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு: வைத்தியம் பக்கத்தில் இருப்பதும், அது ஒருவருக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. நடுவில் பயம் இருக்கிறது, வெட்கம் இருக்கிறது, ஒரு நாள் கூலி இருக்கிறது, ஏற முடியாத படி இருக்கிறது, காது கேளாமை இருக்கிறது. எதிரில் நிற்பவருக்கு இவற்றில் எது தடை என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற மருத்துவரிடம்தான் வைத்தியம் உண்மையில் கிடைக்கிறது.

எதிர்வீட்டு ஆயாவுக்கு மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. ஈறு சிவந்து, அழுத்தினால் சீழ் வந்தது. பல வருஷத்துச் சர்க்கரை. மகனும் மருமகளும் எவ்வளவோ கூப்பிட்டும் கிளம்பவில்லை. "மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும். எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு" என்பதே பதில். இந்த நம்பிக்கை ஆயாவுடையது மட்டுமல்ல; படித்தவர்கள் பலரும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க ஆயாவின் பிடிவாதம் கூடியது.

ஒருவழியாக அழைத்துப் போனபோது எங்களுக்கு வாய்த்த பெண் மருத்துவர் என் பேத்தி வயதுக்காரி. உட்கார்ந்ததும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களா ஆயா?" என்று கேட்டார். ரத்தம் எடுக்கும்போது வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்களே, அந்த நினைப்பில் ஆயா சாப்பிடாமல் வந்திருந்தது. சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. அப்படியே நாற்காலியில் சாய்த்து வேலையை ஆரம்பித்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டிருக்கலாம். முதலில் போய் இட்லி சாப்பிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்ததும் கண் விஷயம் வந்தது. அவர் சிரிக்கவில்லை. "உங்க பெரியம்மாவுக்கு அப்ப என்ன வயசு இருக்கும்?" என்றார். அறுபதுக்கு மேலே என்றது ஆயா. "அந்த வயசுல கண்ணுல புரை விழும் ஆயா. பல்லும் அந்த வயசுலதான் ஆடும். ரெண்டும் சேர்ந்து வந்ததால ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு நெனச்சிருப்பாங்க. பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வைக்கான நரம்பு வேற" என்று தன் முகத்திலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். ஆயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, எடும்மா" என்றது.

மொத்தமாக அதிக நேரம் ஆகியிருக்காது. ஆனால் அந்த இரண்டு கேள்விகள் இல்லாவிட்டால் ஆயாவுக்கு வைத்தியம் நடந்திருக்காது, அல்லது ஆபத்தில் முடிந்திருக்கும். சர்க்கரைக்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவையும் அன்றுதான் ஆயாவின் மகன் கேட்டுத் தெரிந்துகொண்டான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும். ஈறு புண்ணாகவே இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினம். மாத்திரை எழுதும் மருத்துவரும் பல் பார்க்கும் மருத்துவரும் வேறு வேறு கட்டடங்களில் இருப்பதால், இதைச் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

துணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயதானவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதய நோய்க்காரர்கள் பலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். பல் எடுக்கப் போகிறோமே என்று அதை நாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்துவதா வேண்டாமா என்பது மருத்துவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டியது. எலும்பு தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு வைத்தியம் எடுத்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு.

இனி, என் மனசை மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குப் போகும் ஒரு பையன். இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. "வேர் சிகிச்சை செஞ்சா பல்லைக் காப்பாத்திடலாம் தம்பி, ஆனா நாலஞ்சு தடவை வரணும்" என்றார் மருத்துவர். பையன் யோசிக்கவே இல்லை. "புடுங்கிடுங்க சார்." வெளியே வந்த பிறகு நான் கேட்டேன். "ஒரு நாள் வரலைன்னா ஒரு நாள் கூலி போச்சு டீச்சர். நாலு நாள் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்றான்.

பல்லை எடுப்பது ஒரே நாளில் முடியும். காப்பாற்றுவதற்கு நேரம் வேண்டும். உள்ளே அழுகிய நரம்பை எடுத்து, வேரின் குழாய்களைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, அடைத்து, அதற்கு மேல் கேப் போட வேண்டும். கேப் போடாமல் விட்டால் கடைவாய்ப் பல் கடிக்கும் அழுத்தத்தில் உடைந்துவிடக் கூடும். பட்ட பாடு வீணாகிவிடும். அந்தக் கேப்புக்குத் தனியாரிடம் கேட்கும் பணம், தினக்கூலிக்காரருக்குப் பல நாள் சம்பளம். ஆகவே அவர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதோடு முடிவதில்லை. ஒரு பல் போன இடத்துக்குப் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்வரிசைப் பல் அந்த ஓட்டைக்குள் நீண்டு இறங்கும், அந்தப் பக்கம் மெல்ல முடியாமல் மறுபக்கமே தேயும். இருபத்தைந்தில் ஒரு பல் இழந்தவர் ஐம்பதில் பாதி வாய் இழந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கிறோம்.

வசதியுள்ளவருக்குப் பல்லைக் காப்பாற்றுவது, இல்லாதவருக்குப் பல்லைப் பிடுங்குவது என்று வைத்தியம் இரண்டாகப் பிரிந்து கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதற்குப் பையனின் அறியாமையைக் காரணம் சொல்வது அநியாயம். அவன் கணக்கு அவன் வாழ்க்கைக்குச் சரியான கணக்கு. மாற வேண்டியது ஆஸ்பத்திரியின் நேரம். காலை ஓ.பி. மட்டும் இருந்தால் கூலிக்காரர் எப்படி வருவார்? வாரத்தில் ஒரு நாளாவது சாயங்கால ஓ.பி., ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிந்த இடங்களில் ஒரே உட்காரலில் வேர் சிகிச்சையை முடிப்பது என்று ஏற்பாடு செய்யலாம். இன்றைய கருவிகளால் பல பற்களுக்கு ஒரே நாளில் முடிக்க முடிகிறது. மருத்துவர் "நாலு தடவை வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் "எந்த நேரத்துல உங்களால வர முடியும்?" என்று கேட்டால், அந்தப் பையன் போன்றவர்கள் பலர் பல்லோடு வீடு திரும்புவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் நாலில் மூன்று பேர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். இவ்வளவு பேரைப் பிடித்திருக்கும் நோயை நாம் நோயாகவே மதிப்பதில்லை. "பல்லுதானே" என்கிறோம். மத்திய அரசு தேசிய வாய் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியதே 2014-15-ல்தான்.

பல் வைத்தியத்துக்குப் போய் உட்காரும் நாற்காலியைப் பற்றியும் பேச வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில், 1728-ல், பாரிஸில் பியேர் ஃபோஷார் என்பவர் பல் மருத்துவத்துக்கென்று பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அதற்கு முன் பல் பிடுங்குகிறவர்கள் நோயாளியைத் தரையில் உட்கார வைத்து, தலையைத் தங்கள் முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு பிடுங்கினார்களாம். ஃபோஷார் அதைக் கண்டித்தார். உறுதியான, கை வைத்த நாற்காலியில் நோயாளியை வசதியாக உட்கார வைக்க வேண்டும் என்றார். நோயாளியின் உடம்பு எப்படி இருந்தால் அவருக்கு இதமாக இருக்கும் என்று யோசித்த ஒருவரிடமிருந்துதான் இந்தத் துறை புது வழியில் கிளம்பியது.

இன்றைய நாற்காலி படுக்கையாகச் சாய்கிறது. ஆனால் எல்லா உடம்பும் ஒரே மாதிரி சாயாது. கூன் விழுந்த முதுகைச் சமமாகப் படுக்க வைத்தால் உயிர் போகும் வலி. இதயம் பலவீனமானவருக்கு மல்லாந்தால் மூச்சு முட்டும். நிறைமாதக் கர்ப்பிணியை இடது பக்கம் சற்றுச் சாய்த்து வைக்காவிட்டால் தலை சுற்றும். (கர்ப்பமாக இருந்தால் பல் வைத்தியமே கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதும் சரியல்ல. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை தேவையான வைத்தியத்துக்கு நல்ல காலம். கடும் தொற்று வந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது.) சக்கர நாற்காலியில் வருபவரைத் தூக்கி மாற்றுவதா, அவருடைய நாற்காலியிலேயே தலைக்கு முட்டுக் கொடுத்துப் பார்ப்பதா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். தன் உடம்பை எப்படித் தூக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத் தயவாக வைக்கவில்லை, உரிமையாக வைத்திருக்கிறது. அதன் 25-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் எல்லாப் பகுதிக்கும் தடையின்றிப் போக வழி வேண்டும் என்கிறது. பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை வேண்டும் என்கிறது. தெருவில் இருக்கும் பல் கிளினிக்குகளைக் கவனியுங்கள். கீழே கடை, மாடியில் கிளினிக், குறுகலான படி. கீழ்த்தளத்துக்கு வாடகை அதிகம் என்பது எனக்கும் புரிகிறது. அப்படியானால் படியேற முடியாதவர் வந்தால் எங்கே பார்ப்பது என்று ஓர் ஏற்பாடாவது அந்த மருத்துவரிடம் இருக்க வேண்டாமா?

என் தங்கை மகனுக்கு ஆட்டிசம். முப்பதை நெருங்குகிறான். என்னைப் "பெம்மா" என்பான். பெரியம்மா அவன் வாயில் அப்படித்தான் வரும். பேச்சு அவ்வளவாக இல்லை. சில வருஷங்களுக்கு முன் திடீரென்று சாப்பாட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தான். கையைக் கடித்துக்கொண்டான், கன்னத்தில் அறைந்துகொண்டான். குணம் மாறிவிட்டது என்று மனநல மருத்துவரிடம் போனார்கள், மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பல்வலியாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்லத் தெரியாதவர்களின் வலி இப்படித்தான் வேறு பெயரில் திரியும்.

முதலில் போன இடத்தில், "நாலு பேர் கெட்டியாப் புடிச்சுக்குங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றார்கள். பிடித்தார்கள். முடியவில்லை. அதன் பிறகு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே உடம்பெல்லாம் நடுங்கும் அவனுக்கு. அந்தத் தெரு வழியாக ஆட்டோ போனால்கூட அலறுவான். பல்லும் சரியாகவில்லை, இருந்த நம்பிக்கையும் போயிற்று.

பிறகு போன இடத்தில் ஒரு மருத்துவர் முதலில் எங்களை மட்டும் உட்கார வைத்துக் கேட்டார். எந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்காது? வெளிச்சம் பட்டால் என்ன செய்வான்? எந்த நேரத்தில் அமைதியாக இருப்பான்? கையில் என்ன வைத்திருக்கப் பிடிக்கும்? கூட்டம் குறைந்த நேரத்தில் வரச் சொன்னார். முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டினார், அவ்வளவுதான். அடுத்த முறை வாய் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்தார். அதற்கடுத்த முறை, காற்று அடிக்கும் குழாயை அவன் உள்ளங்கையில் வைத்து அடித்தார், அவன் சிரித்தான். விளக்கு கண்ணில் படாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். சொல்வது, காட்டுவது, பிறகு செய்வது என்ற இந்த முறையைக் குழந்தைகளுக்காக 1959-ல் ஆடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதி வைத்தாராம். பல் மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்கிற பாடம். படித்ததை வளர்ந்த ஆணுக்கும் பொறுமையாகச் செய்யத் துணிந்ததுதான் அந்த மருத்துவரின் பெருமை.

"கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்" என்று ஒப்பந்தம் போட்டார்கள். அவன் கையைத் தூக்கினான். அவர் நிறுத்தினார். மறுபடி தூக்கினான், மறுபடி நிறுத்தினார். தூக்கும்போதெல்லாம் நிறுத்துகிறார் என்று உறுதியானதும் தூக்குவது குறைந்தது. என் கண்ணெதிரே நடந்ததால் சொல்கிறேன், அவன் பயந்தது வலிக்கு மட்டுமல்ல. தன் வாய்க்குள் நடப்பதைத் தன்னால் நிறுத்த முடியாது என்பதற்கு. நம் எல்லோருக்கும் உள்ள பயம்தானே இது? வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசவும் முடியாமல், என்ன வருகிறது என்று பார்க்கவும் முடியாமல் படுத்திருக்கிறோம். அவனுக்காகச் செய்த அத்தனையும் எனக்கும் வேண்டும், உங்களுக்கும் வேண்டும்.

எல்லோருக்கும் இந்த வழி பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு மயக்கம் கொடுத்து, ஒரே நாளில் எல்லாப் பல்லையும் சரி செய்வதுதான் நல்லது. அதற்கு மயக்க மருத்துவரும் அறுவை அரங்கும் உள்ள பெரிய மருத்துவமனை வேண்டும். பெற்றவர்கள் அதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

காது கேளாதவரிடம் பேசும்போது மருத்துவர் முகக் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பேச வேண்டும். அவர்களில் பலர் உதட்டைப் பார்த்துத்தான் சொல்லைப் பிடிக்கிறார்கள். பார்வை இல்லாதவரைத் தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். எந்தக் கருவி, என்ன சத்தம் வரும் என்று ஒவ்வொன்றாக. இவற்றுக்குச் செலவே இல்லை.

தங்கள் நோயை மறைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், அந்தக் காரணத்துக்காக வைத்தியம் மறுப்பதைத் தடை செய்கிறது. யார் வந்தாலும் தொற்று இருக்கக்கூடும் என்று எண்ணி, எல்லோருக்கும் ஒரே மாதிரி கையுறை போட்டு, ஒரே மாதிரி கருவிகளைக் கிருமி நீக்கம் செய்வதுதான் மருத்துவ முறை. அதை ஒழுங்காகச் செய்யும் இடத்தில் எந்த நோயாளியைப் பார்க்கவும் பயப்படத் தேவையில்லை. திருநங்கைகள் ஓ.பி. வரிசையில் நிற்கத் தயங்கி வலியோடு திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டுமோ அந்தப் பெயரால் கூப்பிட்டாலே பாதித் தயக்கம் போய்விடும்.

புகையிலை போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெற்றிலை பாக்கோடு புகையிலை, ஹான்ஸ் என்று கன்னத்தில் அடக்கிக்கொள்வது நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது; புகையிலை சேர்க்காவிட்டாலும் ஆபத்து உண்டு. இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, வாய் முன்போல அகலத் திறக்க முடியாமை, இவை வந்தால் அன்றே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பலர் காட்டாததற்குக் காரணம் வசை கேட்க வேண்டுமே என்ற பயம். புகையிலை போடுகிறவரை வந்ததும் வராததுமாகத் திட்டித் தீர்க்கும் இடங்களுக்கு அவர் இரண்டாம் முறை போவதில்லை. அடுத்த முறை அவர் போவது புற்றுநோய்ப் பிரிவுக்கு. வாய்ப் புற்றை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்க முடியும். அவருடைய வெட்கத்தைக் கூட்டாமல் பேசுவதும் உயிர் காக்கும் வைத்தியம்தான்.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவரிடம் வைத்தியம் போக முடியுமா? முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 1980-களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். துளைக்கும் மெஷின் இல்லை. கையால் பிடிக்கும் சிறு கருவிகளால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டால் அடைத்துவிடுவார்கள். அது பல்லோடு ஒட்டிக்கொள்ளும், ஃப்ளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். சத்தம் இல்லை, பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். பள்ளிக்கூட பெஞ்சில் படுக்க வைத்தே செய்யலாம். சொத்தை மேலும் பரவாமல் தடுக்கும் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற சொட்டு மருந்து ஒன்றும் இருக்கிறது. தடவினால் பெரும்பாலும் சொத்தை அப்படியே நின்றுவிடும், சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும் என்பது மட்டும் குறை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இந்த மருந்து, இந்தச் சிமெண்ட், ஃப்ளோரைடு பற்பசை மூன்றையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. படுக்கையில் கிடக்கும் முதியவர், ஆஸ்பத்திரிச் சத்தம் தாங்காத குழந்தை, மனநலக் காப்பகத்தில் இருப்பவர் எல்லோருக்கும் இவை வீட்டு வாசல் வரை வரக்கூடிய வைத்தியம்.

2020-ல் கொரோனா வந்தபோது கதிர்காமம் மருத்துவக் கல்லூரி கொரோனா மருத்துவமனையாக மாறியது. பல் வைத்தியத்தில் தண்ணீர்ச் சாரல் தெறிக்கும் என்பதால் நாடெங்கும் அவசரத்தைத் தவிர மற்றவை நின்றுபோயின. அந்த மாதங்களில் எங்கள் தெருவில் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தவர்களை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. மெஷின் இல்லாத, சாரல் இல்லாத இந்த எளிய முறைகள் அப்போது பரவலாகக் கையில் இருந்திருந்தால் எவ்வளவோ பல் பிழைத்திருக்கும்.

பல்லே இல்லாதவர்களைப் பற்றிப் பேசுவது மிச்சம் இருக்கிறது. பல் போன முதியவர்கள் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், பந்தியில் உட்கார வெட்கம். பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். நண்டு, நெத்திலி எல்லாம் ஆசையாகச் சாப்பிட்ட கடலோர ஊர்க்காரர்கள் ரொட்டியை டீயில் ஊறவைத்தும், சோற்றை மோரில் கரைத்தும் நாளைக் கழிக்கிறார்கள். உடம்பில் தெம்பு குறைவதை வயதின் தலையில் போட்டுவிடுகிறோம்.

எதிர்வீட்டு ஆயாவுக்கு மிச்சமிருந்த பற்களும் ஒவ்வொன்றாகப் போய், பல் செட்டு கட்ட வேண்டியதாயிற்று. முதலில் அளவு எடுத்தார்கள், பிறகு நுணுக்கமான இரண்டாம் அளவு, பிறகு மேல்தாடையும் கீழ்தாடையும் சேரும் கடி அளவு, பிறகு மெழுகில் பல்லைப் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பது, கடைசியாகச் செட்டைப் பொருத்துவது. ஐந்து முறை போக வேண்டும். பொருத்திய பிறகுதான் கஷ்டமே. செட்டு எங்கோ ஓரிடத்தில் உரசிப் புண்ணாக்கும். அந்த இடத்தைத் தேய்த்துச் சரி செய்ய மறுபடி போக வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். செட்டு டப்பாவில், டப்பா பீரோவில். "புண்ணாகும் ஆயா, ஆனா கட்டாயம் வாங்க, நான் சரி பண்ணித் தர்றேன்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் அவர்கள் வருவார்கள்.

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, அறுபது வயது நிறைந்த முதியவர்களுக்காக மத்திய அரசு 2017-ல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியது. கைத்தடி, சக்கர நாற்காலி, காதுக் கருவி, கண்ணாடி ஆகியவற்றோடு செயற்கைப் பற்களும் அதில் உண்டு. முகாம் நடத்தி, யாருக்கு எது தேவை என்று பார்த்துக் கொடுப்பது அதன் ஏற்பாடு. எங்கள் தெருவில் கைத்தடி தெரியும், கண்ணாடி தெரியும். பல் செட்டும் உண்டு என்று நான் கேட்ட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கதிர்காமத்திலும் திலாசுப்பேட்டையிலும் சண்முகாபுரத்திலும் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் தெருவில் பல் இல்லாத பெரியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். அடுத்த முகாம் எப்போது என்று சமூக நலத் துறையில் கேட்டு, ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு அவர்களைக் கூட்டிப் போகட்டும். புண்ணாகித் திரும்பிப் போக வேண்டிய நாட்களிலும் கூடப் போகட்டும்.